பகிடிவதைக்குள் (ராகிங்) மாட்டினால் அன்றிரவே செய்ய வேண்டியவை

களுவாஞ்சிக்குடியில் பெட்டியோடு பஸ் ஏறிய நாளில் எனக்கு இதைச் சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. அதனால்தான் இந்த முறை கம்பஸ் கிடைத்திருக்கும் மட்டக்களப்பு, அம்பாறைத் தம்பி தங்கச்சிமாருக்காக எழுதுகிறேன்.

நடந்ததை அன்றிரவே எழுதி வையுங்கள். திகதி, நேரம், இடம், செய்தது யார், பக்கத்தில் நின்றது யார், எல்லாம் வேண்டும். சீனியர்மார் சொந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், பட்டப்பெயர்தான் வரும், சரி, அதையே எழுதுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த மிரட்டலை ஸ்கிரீன்ஷொட் எடுத்து உடனே வீட்டில் ஒருவருக்கு அனுப்பிவிடுங்கள், ஏனென்றால் போனைப் பறித்து அழிப்பார்கள், என்னுடையதை அப்படித்தான் அழித்தார்கள்.

அடிபட்டால் ஆஸ்பத்திரியில் "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்லாதீர்கள். நான் சொன்னேன், பிறகு முறைப்பாடு கொடுத்தபோது ஆஸ்பத்திரித் துண்டில் இருந்தது அந்தப் பொய்தான். நூற்றுக்கணக்கில் தோப்புக்கரணமோ தண்டாலோ எடுக்க வைத்தார்கள், அப்புறம் சிறுநீர் தேத்தண்ணீர் நிறத்தில் போகிறது என்றால் விடியும்வரை காத்திருக்கவே கூடாது: சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும். 1997இல் பேராதனையில் வரப்பிரகாஷ் என்ற மாணவன் கடும் உடற்பயிற்சி செய்ய வைக்கப்பட்டு, சிறுநீரகம் செயலிழந்துதான் இறந்தான்.

அடுத்த வருடமே சட்டம் வந்தது, 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம். பகிடிவதைக்கு 2 வருடம் வரை சிறை, பாலியல் தொல்லையோ கடுங்காயமோ என்றால் 10 வருடம் வரை. வளாகத்துக்கு வெளியே, வாடகை அறையில் நடந்தாலும் இது பொருந்தும், இது நிறையப் பேருக்குத் தெரியாது.

முறைப்பாட்டை வாயால் சொல்லாமல் எழுத்தில் மாணவ ஆலோசகருக்கோ பீடாதிபதிக்கோ கொடுத்து, திகதியோடு ஒரு பிரதியில் கையெழுத்து வாங்குங்கள். "பேசித் தீர்ப்போம்" என்று இழுத்தால் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்கு நேரே அனுப்பலாம், பொலிஸிலும் போடலாம்.

"பட்ச்சைக் காட்டிக் கொடுத்தவன்" என்று கூடப் படிக்கிறவர்களே ஒதுக்குவார்கள். அதுதான் அடியை விடப் பெரிய வலி, பொய் சொல்ல மாட்டேன். முடிந்தால் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு போங்கள். நித்திரை வராமல் உயிரை விடுகிற யோசனை வந்தால் 1926க்கு எடுங்கள், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம்.

வீட்டுக்கும் சொல்லுங்கள். படிப்பை நிறுத்திவிடுவார்கள் என்று பயந்து நான் நாலு மாதம் மறைத்தேன். சொன்ன இரவு அம்மா அழுதார், விடிய முதல் பஸ்ஸில் அப்பா வந்து விடுதி வாசலில் நின்றார்.