வீழ்ச்சி எந்த வரியில் தொடங்குகிறது? துன்பியல் நாடகம் படிக்கத் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை

கல்லூரி நாட்களில் பண்டைக் கிரேக்க நாடகாசிரியர் சோபோக்ளிஸின் 'ஆன்டிகனி' நாடகத்தில் வரும் மன்னன் கிரியோனைப் பற்றி ஆறு பக்கம் எழுதினேன். "அவனிடம் இருந்த குறை ஆணவம், அதனால் அழிந்தான்." ஆறு பக்கத்திலும் இருந்தது இவ்வளவுதான். தாளைத் திருப்பித் தந்த ஆசிரியர் ஓரத்தில் ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தார்: "எந்த வரியில்?" அதற்குப் பதில் சொல்ல எனக்குப் பல ஆண்டுகள் ஆயின. தேடிய வழியில் அமைந்த முறையைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

தேவையானவை

வரி எண் அச்சிட்ட பதிப்பு ஒன்று, பென்சில், கோடு போட்ட நோட்டு. ஆங்கிலத்தில் படிப்பவர்களுக்கு ரிச்சர்ட் ஜெப்பின் பழைய உரைநடை மொழிபெயர்ப்பைச் சொல்வேன். அழகுக்காக எதையும் விழுங்காமல், மூலத்தில் உள்ளதை வரிசையாகத் தருகிறது. வண்ணப் பேனாக்கள் வேண்டாம்; பக்கம் முழுக்க மஞ்சளானால் எது திருப்பம் என்று தெரியாது. கதைச் சுருக்கம் தரும் தளங்களையும் தள்ளி வையுங்கள். அவை 'குறை' இன்னது என்று முதலிலேயே சொல்லிவிடுகின்றன. பிறகு நாம் நாடகத்தைப் படிப்பதில்லை, அந்தச் சொல்லுக்குச் சாட்சி தேடுகிறோம்.

படி 1: ஒரே அமர்வில் படியுங்கள்

'ஆன்டிகனி' மொத்தம் சுமார் 1,350 வரிகள்தான். பென்சிலைத் தொடாமல் முடித்துவிடுங்கள்.

படி 2: 'ஹமார்ட்டியா' என்ற சொல்லைச் சரியாகப் பிடியுங்கள்

அரிஸ்டாட்டில் தம் 'கவிதையியல்' நூலின் 13ஆம் அத்தியாயத்தில் சொல்வது இது: மிக நல்லவனும் அல்லாத, கொடியவனும் அல்லாத ஒருவன், தீய குணத்தால் அல்லாமல் ஏதோ ஒரு ஹமார்ட்டியாவால் வீழ வேண்டும். இந்தக் கிரேக்கச் சொல்லின் வினைவடிவம் ஹோமரின் காலத்தில் ஈட்டியோ அம்போ குறி தவறுவதைக் குறித்தது. பின்னாளில் ஆங்கிலத்தில் இதைக் 'குறை' என்று பெயர்த்துப் பழகியதால், பாத்திரத்தின் குணத்திலேயே ஒரு விரிசல் இருப்பதாகத் தேடத் தொடங்கிவிட்டோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்திலும் இதே சொல் வருகிறது. தமிழ் விவிலியத்தில் அது 'பாவம்' ஆனது. நாடகத்துக்கு அந்தப் பொருளும் பொருந்தாது.

தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் கையருகிலேயே இருக்கிறது: பிழை. யானையைக் குறிவைத்துத் தவறிய வேலைத் திருக்குறள் 'பிழைத்த வேல்' என்கிறது (குறள் 772). குறி தவறுதலும் தவறு செய்தலும் ஒரே சொல்லில் இருப்பது கிரேக்கத்தைப் போலவே நம்மிடமும் உண்டு. ஆகவே நோட்டில் 'குறை' என்று எழுதாதீர்கள், 'பிழை' என்று எழுதுங்கள். குறை ஓர் ஆளிடம் எப்போதும் இருப்பது. பிழை ஒரு நேரத்தில், ஓர் இடத்தில் நிகழ்வது. நிகழ்ந்ததற்கு வரி எண் உண்டு.

படி 3: வாசல்களைக் குறியுங்கள்

இப்போது இரண்டாம் வாசிப்பு. பக்கத்தை மூன்று பத்தியாகப் பிரியுங்கள்: வரி எண், எதிரில் இருப்பவர் சொன்னது, நாயகன் செய்தது. அவனுக்கு வேறு வழி திறந்திருந்த ஒவ்வோர் இடமும் ஒரு வாசல்.

சூழல் உங்களுக்குத் தெரிந்திருக்கும். உடன்பிறந்த இருவர் ஒருவரையொருவர் கொன்றுவிட்டார்கள்; நகரை எதிர்த்து வந்த பாலினீசிஸின் உடலை யாரும் அடக்கம் செய்யக் கூடாது என்பது புதிய மன்னன் கிரியோனின் ஆணை. தங்கை ஆன்டிகனி மீறுகிறாள்.

யாரோ உடல்மீது மண் தூவிவிட்டதாகக் காவலன் வந்து சொல்கிறான். "இது தெய்வச் செயலாக இருக்குமோ" என்று பாடற்குழு (நாடகம் முழுக்க மேடையில் நிற்கும் ஊர்ப் பெரியவர்கள்) மெல்லக் கேட்கிறது. முதல் வாசல் அது. கிரியோன் சீறுகிறான், யாரோ காசு வாங்கிக்கொண்டு செய்ததாக முடிவுகட்டுகிறான். அடுத்து கிரியோனின் மகன், ஆன்டிகனியை மணக்கவிருந்த ஹேமோன் வருகிறான். வெள்ளத்துக்கு வளையும் மரம் கிளையோடு தப்பும், எதிர்த்து நிற்கும் மரம் வேரோடு போகும் என்று தந்தையிடம் பணிவாகத்தான் தொடங்குகிறான். இரண்டாம் வாசலும் அடைபடுகிறது.

அதற்குச் சற்றுப் பின்னால், 770ஆம் வரியை ஒட்டி, பலர் கவனிக்காமல் கடக்கும் ஓர் இடம் உண்டு. "இருவரையுமா கொல்லப் போகிறீர்கள்?" என்று பாடற்குழு கேட்கிறது. "தொடாதவளைக் கொல்ல மாட்டேன்" என்று ஆன்டிகனியின் சகோதரி இஸ்மீனியைக் கிரியோன் விட்டுவிடுகிறான். ஊரார் கல்லால் அடித்துக் கொல்வது என்றிருந்த ஆன்டிகனியின் தண்டனையும், கொஞ்சம் உணவோடு பாறைக் குகையில் அடைப்பது என்று மாறுகிறது. வளையவே தெரியாதவன் அல்லன் இவன். 'பிடிவாதக்காரன்' என்று ஒரே சொல்லில் எழுதிவிட்டால் இந்த வரிகளை என்ன செய்வீர்கள்?

படி 4: அவன் பக்கத்து நியாயத்தை எழுதுங்கள்

நான் பல ஆண்டுகள் தவறவிட்ட படி இது. பொறுமையாகச் செய்யுங்கள்.

ஒவ்வொரு வாசலுக்கும் நேரே, அவன் அதை ஏன் அடைத்தான் என்பதை அவனுடைய வாயால் எழுதுங்கள். கிரியோனின் முதல் பேச்சுக்குப் போங்கள். நாட்டைவிட நண்பனைப் பெரிதாக நினைப்பவன் எதற்கும் உதவாதவன், அச்சத்தால் வாயைப் பூட்டிக்கொள்ளும் தலைவன் மிக மோசமானவன் என்கிறான். உள்நாட்டுச் சண்டை முடிந்த மறுநாள் இதைக் கேட்கும் குடிமகன் தலையாட்டத்தான் செய்வான். கி.மு. 343இல் புகழ்பெற்ற பேச்சாளர் டெமாஸ்தனிஸ் ஏதென்ஸ் நீதிமன்றத்தில் எதிராளியைத் தாக்கியபோது, நல்ல அரசியலுக்கு எடுத்துக்காட்டாக இந்தப் பேச்சையே படிக்கச் செய்தார். ஆணவக்காரனின் உளறல் என்றால் அது நீதிமன்றம் ஏறியிருக்காது.

அந்த நியாயம் எங்கே குறி தவறுகிறது என்பதுதான் கேள்வி. உயிரோடிருக்கும் பகைவனுக்குப் பொருந்தும் சட்டத்தைப் பிணத்தின்மீது ஏவுகிறான். அச்சத்தால் வாயடைப்பவனை இழித்தவன், தன் எதிரில் எல்லோரும் வாயடைக்கும்படி செய்கிறான். நகரம் வேறாகப் பேசுகிறது என்று மகன் சொன்னதும், "நான் எப்படி ஆள வேண்டும் என்று நகரமா எனக்குச் சொல்வது?" என்கிறான். நகரத்துக்காகத் தொடங்கியவன் நகரத்துக்கே எதிரே நிற்கிறான். என் ஆசிரியர் கேட்ட வரி இதுதான், 734.

படி 5: திருந்திய பிறகும் படியுங்கள்

குருட்டு முனிவர் டைரீசியஸ் வருகிறார். பலி எரியவில்லை, பிண மாமிசத்தால் பீடங்கள் தீட்டுப்பட்டுவிட்டன என்கிறார். பிழை செய்வது எல்லோருக்கும் உண்டு, செய்தபின் சரிசெய்பவன் அறிவிலி அல்லன் என்கிறார். அங்கே மூலத்தில் வருவது ஹமார்ட்டியாவின் வினைவடிவமேதான். கிரியோன் அவரையும் காசுக்கு விலைபோனவர் என்று ஏசுகிறான். முனிவர் கொடிய முன்னறிவிப்பைச் சொல்லிப் போன பிறகுதான் நடுங்குகிறான்.

1100ஆம் வரியருகே பாடற்குழு தெளிவாக வரிசை சொல்கிறது: முதலில் பெண்ணை விடுவி, பிறகு இறந்தவனுக்குக் கல்லறை எழுப்பு. தூதன் வந்து சொல்லும்போது வரிசை மாறியிருக்கிறது. முதலில் பாலினீசிஸின் உடலைக் கழுவி, எரித்து, மேடு எழுப்பினார்கள். அதன் பிறகே குகைக்குப் போனார்கள். அதற்குள் ஆன்டிகனி தூக்கிட்டுக்கொண்டாள். ஹேமோன் தந்தையின்மீது வாளை வீசித் தவறவிட்டு, அதே வாளைத் தன்மேல் பாய்ச்சிக்கொள்கிறான்.

இந்த இடத்தை எத்தனை முறை படித்தாலும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது. அவன் மனம் மாறிவிட்டது, கோடரிகளோடு ஓடுகிறான், ஆனாலும் பிணத்திடம்தான் முதலில் போகிறான். உயிரோடிருப்பவளை இரண்டாவதாக வைத்தவன் திருந்தும்போதும் அப்படியே வைக்கிறான். எந்தக் குணப்பெயரும் இதைச் சொல்லாது. நோட்டில் இரு வரிசைகளையும் அருகருகே எழுதிப் பாருங்கள்.

பின்சேர்க்கை 1

இதே அட்டவணையை சோபோக்ளிஸின் இன்னொரு நாடக நாயகன் ஈடிபஸுக்குப் போட்டபோது வாசல்களே கிடைக்கவில்லை என்று இரண்டு வாசகர்கள் எழுதினார்கள். கிடைக்காதுதான். தந்தையைக் கொன்றதும் தாயை மணந்ததும் திரை திறப்பதற்கு முன்பே முடிந்தவை. மேடையில் அவன் செய்வதெல்லாம் உண்மையைத் தேடுவது மட்டுமே. அவனுடைய முன்கோபத்தைக் 'குறை'யாக்கி அதற்கு இது தண்டனை என்று படிப்பதை கிரேக்க இலக்கிய அறிஞர் ஈ. ஆர். டாட்ஸ் 1966இல் ஒரு கட்டுரையில் வலுவாக மறுத்தார். நான் அவர் பக்கம். அந்த நாடகத்துக்கு வாசல்களுக்குப் பதிலாக, அவனுக்கு எது எப்போது தெரியவந்தது என்று குறித்துச் செல்லுங்கள்.

பின்சேர்க்கை 2

கிரியோனின் மனைவி யூரிடிசிக்கு அட்டவணையில் எழுத ஒன்றுமே இல்லையே என்று ஒருவர் கேட்டார். அவள் பேசுவது ஒன்பது வரிகள். மகன் இறந்த செய்தியை முழுவதும் கேட்கிறாள், ஒரு சொல்லும் சொல்லாமல் உள்ளே போகிறாள். இத்தனை அமைதி அச்சமூட்டுகிறது என்று பாடற்குழு சொல்கிறது. அந்த இடத்தில் வரி எண்ணை மட்டும் எழுதி, மற்ற இரண்டு பத்திகளையும் காலியாக விடுங்கள்.