சிறப்புரிமை மனப்பான்மையை அளவிடும் முறை

பிறரைவிடத் தனக்கு அதிகம் கிடைத்தாக வேண்டும், அதற்குத் தனியே தகுதி எதையும் காட்டத் தேவையில்லை என்று ஒருவர் நிலையாகக் கொண்டிருக்கும் எண்ணமே சிறப்புரிமை மனப்பான்மை. உழைத்தவர் கூலி கேட்பதும், மறுக்கப்பட்ட உரிமையைச் சட்டப்படி கோருவதும் இதில் சேரா. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்ட பிறகே வினாத்தாளைக் கையில் எடுக்க வேண்டும்.

முன்பு இதற்கெனத் தனி அளவுகோல் இல்லாததால், தன்மோகத்தை (தன்னையே மிகையாகப் போற்றும் இயல்பை) அளக்கும் 40 வினாக்கள் கொண்ட என்.பி.ஐ. வினாத்தாளின் ஒரு சிறு பகுதியையே ஆய்வாளர்கள் பயன்படுத்திவந்தனர். அப்பகுதியின் நம்பகத்தன்மை குறைவு. அக்குறையை நீக்கவே உளவியலாளர் கீத் கேம்பெல்லும் அவருடைய சகாக்களும் 2004-இல் 9 கூற்றுகள் கொண்ட பி.ஈ.எஸ். என்னும் சிறப்புரிமை மனப்பான்மை அளவுகோலை வெளியிட்டனர். ஒவ்வொரு கூற்றுக்கும் 1 முதல் 7 வரை மதிப்பிட வேண்டும்.

மதிப்பெண் கூட்டுவதில்தான் கவனம் தேவை. தனக்குச் சிறப்புக் கவனிப்பு அவசியமில்லை என்னும் ஐந்தாம் கூற்று எதிர்த்திசையில் அமைந்தது. அதற்குத் தரப்பட்ட எண்ணை 8-இலிருந்து கழித்த பிறகே கூட்ட வேண்டும். மற்ற எட்டுக் கூற்றுகளில் 33 பெற்றவர் ஐந்தாவதில் 6 குறித்திருந்தால், அது 2 ஆகி, மொத்தம் 35 ஆகும். மாற்றாமல் கூட்டினால் 39 என்று தவறாக வரும். ஒன்பதிலும் 6 என்றே குறித்தவர் படிக்காமல் நிரப்பியிருக்கலாம் என்பதையும் இக்கூற்றே காட்டிக்கொடுக்கும்.

தமிழில் பயன்படுத்துவதாயின், இருவர் தனித்தனியே மொழிபெயர்த்து, மூன்றாமவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்குக் கொண்டுசென்று ஒப்பிட்ட பின், சிலரைக் கூற்றுகளை உரக்கப் படித்து விளக்கச் சொல்வது நல்லது. டைட்டானிக்கில் இருந்திருந்தால் முதல் உயிர்காப்புப் படகில் இடம் பெறத் தான் தகுதியானவர் என்றொரு கூற்று அதில் உண்டு. பெண்களையும் குழந்தைகளையும் முதலில் ஏற்றினார்கள் என்று அறிந்த பெண் ஒருவர், தற்பெருமை சிறிதுமின்றியே அதற்கு 7 குறிக்கக்கூடும். என் பார்வையில், இக்கூற்றைத்தான் முதலில் சோதித்துப் பார்க்க வேண்டும்.

மருத்துவ மதிப்பீட்டில் நிலைமை வேறு. இந்த அளவுகோலுக்கு நோய் எல்லையென ஏற்கப்பட்ட மதிப்பெண் கிடையாது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோயறி கையேடான டி.எஸ்.எம்.-5, தன்மோக ஆளுமைக் கோளாறுக்குத் தரும் 9 அடையாளங்களில் இம்மனப்பான்மை ஒன்று மட்டுமே. கோளாறு என்று முடிவுகட்ட அவற்றுள் குறைந்தது ஐந்து அடையாளங்கள் பொருந்தியிருக்க வேண்டும். பித்துநிலையில் (மனநிலை அளவுமீறி எழுச்சியுற்ற நோய்நிலையில்) இருப்பவரிடமும் இதே பேச்சு கேட்கும் என்பதால், மனநிலை சீரான பிறகே ஆளுமையை மதிப்பிட வேண்டும். நேர்காணலில், “உங்களுக்குச் சிறப்புரிமை உண்டா?” என்று கேட்டால் எவரும் “இல்லை” என்றே சொல்வார். “கடைசியாக வரிசையில் காத்திருந்தபோது மனத்தில் என்ன ஓடியது?” என்று கேட்டுப் பாருங்கள். சிலர் உரத்துக் கோபித்ததைச் சொல்வார்கள்; வேறு சிலர் எதுவும் கேட்காமல், தங்களை யாரும் மதிக்கவில்லை என்று நாள்கணக்கில் உள்ளுக்குள் புழுங்கியதைச் சொல்வார்கள். இரண்டாம் வகையினர் எளிதில் கண்ணில் படுவதில்லை. நோயாளியின் இசைவுடன் குடும்பத்தாரிடமும் விசாரித்து, அவர்கள் சொன்ன நிகழ்ச்சிகளை மதிப்பெண்ணோடு சேர்த்தே அறிக்கையில் பதிவு செய்யுங்கள்.