ஊர் நடன ஆசிரியர்களுக்கு ஆண்டுக்கு மூன்று மாலை நிகழ்ச்சி: நடத்த நினைப்பவர்களுக்குச் சில யோசனைகள்

ஆடி பிறந்ததும் மயிலாடுதுறையை அடுத்த எங்கள் குத்தாலம் பக்கத்தில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். முகூர்த்த நாளில் நம்மை நிமிர்ந்துகூடப் பார்க்காத மண்டபக்காரர், ஆடியில் மின்சாரக் கட்டணமும் பெருக்கிக் கழுவும் கூலியும் கொடுத்தால் போதும் என்பார். உள்ளூர் நடன ஆசிரியர்களின் படைப்புகளை மேடையேற்ற ஆசைப்படுபவர்கள் காலண்டரை அங்கிருந்து பிரிக்க வேண்டும். பெரும்பாலோர் கல்யாணம் வைக்காத மாதங்கள் மூன்று: ஆடி, புரட்டாசி, மார்கழி. மாதத்துக்கு ஒரு மாலை, ஆண்டுக்கு மூன்று. தொடர் என்று பெயர் சொல்ல அது போதும். மாதந்தோறும் நடத்துகிறேன் என்று கிளம்பினால் ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை உங்களை உட்கார வைத்துவிடும். வைகாசியிலும் தையிலும் மண்டபமும் கிடைக்காது, மேளக்காரரும் கிடைக்க மாட்டார். மகாசிவராத்திரியை ஒட்டி நாட்டியாஞ்சலி என்னும் நடன விழா. சிதம்பரத்தில் 1981இல் தொடங்கியது, இப்போது டெல்டாவின் பல கோயில்களில் நடக்கிறது. சலங்கை கட்டும் பிள்ளைகள் எல்லாம் அந்த வாரம் அங்கேதான் இருப்பார்கள்.

மூன்று மாதங்களும் ஒன்றுபோல அல்ல. ஆடியில் கரகாட்டக்காரர்களும் நையாண்டி மேளக்காரர்களும் அம்மன் கோயில் திருவிழாக்களில் இரவு பகலாக இருப்பார்கள். அவர்களை அப்போது கூப்பிட்டால் வர முடியாது. வந்தாலும் நாம் அவர்கள் பிழைப்பைக் கெடுத்ததாகும். ஆகவே ஆடி மாலை பரதநாட்டியக்காரர்களுக்கு. கரகமும் பொய்க்கால் குதிரையும் புரட்டாசியில், அதுவும் நவராத்திரி தொடங்குவதற்கு முன். மார்கழி நடுவில் அரையாண்டு விடுமுறை வருகிறது; பள்ளிப் பிள்ளைகளை வைத்துக் கும்மி, கோலாட்டம் அமைக்கும் ஆசிரியைகளுக்கு அதுவே வசதி.

நான் மைக்செட் வைத்திருப்பவன். அரங்கேற்றம், ஆண்டு விழா எதுவானாலும் மேடையின் பக்கவாட்டில் ஆம்ப்ளிஃபயரோடு உட்கார்ந்திருப்பேன். அங்கிருந்து பார்த்தால் ஒன்று தெரியும். சிறப்பு விருந்தினர், மண்டபக்காரர், பூமாலை கொடுத்தவர், ஏன், மைக்செட் உபயம் என்று என் கடைப் பெயர் வரை ஒலிபெருக்கியில் வரும். ஆட்டத்தை அமைத்தவர் பெயர் வராது. "மாணவிகளின் கண்கவர் நடனம்" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். அந்த அம்மாள் திரைக்குப் பின்னால் குனிந்து யாருக்கோ சலங்கை வாரை இறுக்கிக்கொண்டிருப்பார்.

இது நடக்கக்கூடாத ஊர் எங்கள் ஊர். அலாரிப்பில் தொடங்கித் தில்லானாவில் முடியும் கச்சேரி முறையை ஒழுங்குபடுத்திய தஞ்சை நால்வர் என்னும் சகோதரர்கள் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜியின் அவையில் இருந்தவர்கள். பரதநாட்டியத்தின் இரண்டு பெரிய பாணிகள் எங்களுக்குப் பக்கத்துக் கிராமங்களின் பெயரில் வழங்குகின்றன: பந்தநல்லூர், வழுவூர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் வழுவூர் இராமையா பிள்ளையும் ஆட்டத்தை அமைத்தவர்கள். மேடையில் ஆடியவர்கள் அவர்களுடைய மாணவிகள். ருக்மிணி தேவி மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் கற்றவர், குமாரி கமலா இராமையா பிள்ளையிடம் கற்றவர் என்று இன்றும் ஆசானின் பெயரைச் சேர்த்துத்தான் சொல்கிறோம். ஆகவே உங்கள் தொடருக்கு ஒரே ஒரு விதி போதும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: அழைப்பிதழில், பேனரில், அறிவிப்பில், எல்லாவற்றிலும் அமைத்தவர் பெயரும் ஊரும் முதல் வரியில் வர வேண்டும். ஆடுபவர்கள் பெயர் அடுத்த வரி. உபயதாரர்கள் கீழே, சிறிய எழுத்தில். கொஞ்சம் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

ஆசிரியர்களைத் தேடுவது கடினமே அல்ல. சலங்கை விற்கும் கடையிலும் நடன உடை தைக்கும் தையல்காரரிடமும் கேளுங்கள்; மாவட்டத்தில் யார் எந்தத் தெருவில் வகுப்பு எடுக்கிறார்கள் என்பது அவர்களுக்கு மனப்பாடம். கிராமத்துக் கலைஞர்களுக்குக் கோயில் நாட்டாமைகளிடம் விசாரிக்கலாம். வெளியூர்ப் பிரபலம் ஒருவராவது வந்தால்தான் கூட்டம் வரும் என்று உங்கள் குழுவில் யாராவது கட்டாயம் சொல்வார். அவரைத் தஞ்சைப் பக்கத்து மெலட்டூருக்கு அழைத்துப் போங்கள். நரசிம்ம ஜெயந்தியின்போது ஊர்க்காரர்களே, பெண் வேடம் உட்பட, ஆண்களாகவே வேடம் கட்டிப் பாகவத மேளம் என்னும் நாட்டிய நாடகம் ஆடுகிறார்கள். அதைப் பார்க்கத்தான் வெளியூரிலிருந்து ஆள் வருகிறது.

ஒரு மாலைக்கு மூன்று பேர் போதும். ஒவ்வொருவரிடமும் கேட்க வேண்டியது ஒரே ஒரு புதிய உருப்படி, கால் மணி நேரத்துக்குள், அவரே அமைத்தது. குருவிடம் கற்ற வர்ணம் போன்ற மரபு உருப்படிகளை ஆட வேறு மேடைகள் உண்டு. சினிமாப் பாட்டுக்குப் படத்தில் வந்த அசைவையே ஆடுவதும் வேண்டாம். ஆனால் பள்ளி ஆண்டு விழாக்களுக்கு நடனம் சொல்லித்தரும் இளைஞர்களை ஒதுக்காதீர்கள். பாட்டை மாற்றச் சொன்னால் அவர்களில் சிலர் அசத்துகிறார்கள்.

நிகழ்ச்சிக்கு ஒரு மாதம் முன்பு அவர்கள் வகுப்பு நடக்கும் இடத்துக்கே, மொட்டை மாடியோ திண்ணையோ, போய் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். திருத்துவது நம் வேலை அல்ல. எத்தனை பேர், எவ்வளவு இடம், பாட்டு நேரடியா பதிவா என்று குறித்துக்கொண்டு வந்தால் போதும்.

ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் பத்து நிமிடம் பார்வையாளர்கள் பேச விடுங்கள். இதுதான் இந்தத் தொடரின் உயிர் என்பேன். நாற்று நடவை வைத்து ஓர் ஆசிரியை அமைத்த உருப்படி எங்கள் மேடையில் வந்தது. பெண்கள் வரிசையாக முன்னோக்கி நகர்ந்து நட்டார்கள். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்து, "டீச்சரம்மா, முன்னால் போனால் நட்டதை நீங்களே மிதித்துவிடுவீர்களே" என்றார். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. மேடையருகே வந்து, இடது கையில் நாற்று முடி இருப்பதுபோல் மடக்கி, வலது கையின் மூன்று விரலால் இரண்டு மூன்று நாற்றைப் பிரித்து, கட்டை விரலால் சேற்றில் அழுத்திக் காட்டினார். அழுத்திய கை வெளியே வருவதற்குள் கால் ஒரு சாண் பின்னால் போயிருந்தது. ஆசிரியை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறை அந்த உருப்படி முழுக்கப் பின்னோக்கி நகர்ந்தது. முதுகு பக்கமாகத் தாளம் தவறாமல் நகர்வது அந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு கடினம் என்பது அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

இனி தரை. மண்டப மேடைகள் பெரும்பாலும் கான்கிரீட்டின் மேல் கிரானைட் அல்லது டைல்ஸ். அதில் தட்டடவு தட்டினால் முழங்காலும் கெண்டைக்காலும் மறுநாள் பேசும். பந்தல்காரரிடம் பலகைகள் இருக்கும். சணல் சாக்கை மடித்துப் பரப்பி அதன்மேல் பலகைகளை இடைவெளியின்றி அடுக்கச் சொல்லுங்கள். ஆணி நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று உள்ளங்கையால் ஒவ்வொரு பலகையையும் தடவிப் பார்க்க வேண்டும். சிவப்புக் கம்பளம் வேண்டவே வேண்டாம். அது சுருண்டு கால் விரலில் மாட்டும். பொய்க்கால் கட்டுபவர்களுக்குப் பலகையைவிட வாசலில் கெட்டித்த மண்தரை நல்லது. கிரானைட்டில் மரக்கால் வழுக்கும். கரகம் என்றால் மேடைக்கு மேலே தொங்கும் மின்விசிறியைக் காலையிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கரகத்தின் உச்சிக் கிளியின் உயரத்தை யாரும் முன்கூட்டி நினைப்பதில்லை.

ஒலி என் துறை என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஆட்டத்தை நடத்தும் நட்டுவனார் கையில் தட்டும் நட்டுவாங்கத் தாளத்தில் இரண்டு தட்டுகள்: ஒன்று இரும்பு, ஒன்று வெண்கலம். அந்த ஓசை மைக்கில் நேராக விழுந்தால் முதல் வரிசைக் குழந்தைகள் காதைப் பொத்திக்கொள்ளும். மைக்கை நட்டுவனாரின் வாயை நோக்கி உயர்த்தி வைத்து, தாளத்தை மடிக்கு இறக்கித் தட்டச் சொல்லுங்கள்; சொல்லும் கேட்கும், தாளமும் கேட்கும். மிருதங்கத்துக்கு வலந்தலை என்னும் வலது முகத்தின் பக்கம் ஒரு மைக் போதும். சலங்கை ஒலி வேண்டுமானால் மேடை விளிம்பில் ஒரு துண்டை நான்காக மடித்து அதன்மேல் சிறிய மைக்கைக் கிடத்தலாம். துண்டு இல்லாவிட்டால் பலகையின் அதிர்வு இடி இடிப்பதுபோல் வரும். ஆடுபவர் பக்கம் திரும்பிய ஸ்பீக்கர் ஒன்று கட்டாயம் வேண்டும். மைக்செட்காரர்கள் பெட்டிகளை எல்லாம் கூட்டத்தைப் பார்த்தே வைப்பார்கள். மேடையில் இருப்பவருக்குச் சற்றுத் தாமதமாக எதிரொலிதான் கேட்கும். பதிவு செய்த பாட்டு என்றால் பென்டிரைவில் வரிசை எண் போட்டு, தொடக்கம் முதல் கடைசி வரை ஒருமுறை ஓட விட்டுப் பார்க்க வேண்டும். கைபேசியிலிருந்து போட்டால் நடுவில் யாருடைய மாமாவாவது அழைப்பார்.

விளக்கைப் பற்றி இரண்டு வரி: முன்பக்கத்திலிருந்து மஞ்சள் வெளிச்சம், முகமும் கையும் தெரிகிற அளவுக்கு. சுழலும் வண்ண விளக்கு கல்யாண வரவேற்போடு இருக்கட்டும்.

ஒலிபெருக்கி அனுமதிக்குக் காவல் நிலையத்தில் முன்கூட்டியே மனு கொடுத்துவிடுங்கள். திறந்த வெளியில் இரவு 10 மணிக்கு மேல் கூடாது என்பது நாடு முழுக்க உள்ள விதி. மாலை 6 மணிக்குத் தொடங்கினால் எட்டரைக்குள் முடித்துவிடலாம். கடைசி டவுன் பஸ்ஸும் கிடைக்கும்.

பணம். மேடை கொடுக்கிறோம் என்று சொல்லிப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கட்டணம் வாங்கும் வழக்கம் பல இடங்களில் வந்துவிட்டது. ஒரு விழாவில் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிவிட்டு, ஒரு ஆட்டத்துக்கு நான்கு நிமிடம் கொடுத்து மணி அடித்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்படிச் செய்வதானால் தொடர் தேவையே இல்லை. அமைத்தவருக்குச் சன்மானம் கொடுக்க வேண்டும். மூன்று பேருக்கும் ஒரே தொகை, சிறியதானாலும். கரகாட்டக்காரருக்குக் குறைவாகவும் பரத ஆசிரியைக்கு அதிகமாகவும் கொடுத்தால் அன்று இரவே ஊர் முழுக்கத் தெரிந்துவிடும், தெரிய வேண்டியதும்தான். பக்கவாத்தியக்காரர்களுக்கு அவர்கள் வழக்கமாக வாங்கும் தொகை. நெல் வியாபாரிகளும் நகைக்கடைக்காரர்களும் நன்கொடை கொடுப்பார்கள். பணமாகத் தராதவரிடம் பலகை வாடகையையோ ஜெனரேட்டர் டீசலையோ ஏற்கச் சொல்லலாம். நுழைவு இலவசமாகவே இருக்கட்டும்.

பொன்னாடைப் படலத்தை எப்படித் தவிர்ப்பது என்று பலரும் கேட்கிறார்கள். விருந்தினர் வந்தால் முதல் வரிசையில் உட்கார வைத்துக் காபி கொடுங்கள். மேடையில் நாற்காலியே போடாதீர்கள். நாற்காலி இருந்தால் ஆள் ஏறிவிடுவார். ஆட்டத்துக்கு முன் அமைத்தவர் மட்டும் மைக் முன் வந்து, இதை ஏன் அமைத்தேன் என்று இரண்டு நிமிடம் சொல்லட்டும். பலருக்கு அதுதான் முதல் மேடைப் பேச்சாக இருக்கும், குரல் நடுங்கும். அப்போது மைக்கின் ஒலியைக் கொஞ்சம் கூட்டி வைப்பது மைக்செட்காரர் செய்யக்கூடிய உதவி.

ஆடுபவர்களுக்கு மாலை 4 மணிக்கு இட்லி; வயிறு நிறையச் சாப்பாடு ஆட்டம் முடிந்த பிறகு. சன்மானத்தை ஒப்பனை கலைப்பதற்குள் கையில் கொடுத்துவிடுங்கள். முழு நிகழ்ச்சியையும் மேடைக்கு நேர் எதிரே நிற்கும் ஒரே கேமராவில், குளோசப் எதுவும் இல்லாமல், காலும் தரையும் தெரியும்படி பதிவு செய்து, ஒரு வாரத்துக்குள் மூன்று பேருக்கும் அனுப்பிவிடுங்கள். தொடக்கத்தில் வரும் எழுத்தில் அமைத்தவர் பெயர் பிழையில்லாமல் இருக்கிறதா என்று அனுப்பும் முன் அவரிடமே ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது. முன்னெழுத்தில்தான் அதிகம் தவறு வருகிறது.