கோலாலம்பூர்க் கடைச் சாமான்களை வைத்து முதல் சோப்பு

குளிக்கிற சோப்பை வீட்டில் செய்ய இரண்டு எண்ணெய், காஸ்டிக் சோடா, தண்ணீர் இவை போதும். முதல் தடவைக்கு வாசனையும் நிறமும் வேண்டாம். சில பூ வாசனைத் தைலங்கள் கலவையை நொடியில் கெட்டியாக்கிவிடும்; புதிதாகச் செய்பவருக்கு அது தேவையில்லாத பதற்றம்.

தேங்காய் எண்ணெய் 150 கிராம்
செம்பனைச் சமையல் எண்ணெய் 350 கிராம்
காஸ்டிக் சோடா 72 கிராம்
காய்ச்சி வடித்த நீர் 150 கிராம்

தேங்காய் எண்ணெய் பிரிக்பீல்ட்ஸ் மளிகைக் கடைகளில் கிடைக்கும். சமையலுக்கானதாகப் பார்த்து வாங்குங்கள். தலைக்குத் தேய்க்கும் சில எண்ணெய்களில் மினரல் ஆயில் கலந்திருக்கும். அது சோப்பாக மாறாது. சமையல் எண்ணெய்ப் போத்தலில் மலாயில் 'சாவிட்' என்று இருந்தால் அது செம்பனை. காஸ்டிக் சோடாவை ரசாயனப் பொருள் விற்கும் கடையில் வாங்குவதே நல்லது. சாக்கடை அடைப்பு நீக்கும் தூள்களில் அலுமினியத் துகள் சேர்ப்பதுண்டு, அவை ஆகவே ஆகாது.

இனி எடை போடுவது. சோப்பு செய்வதில் மற்ற எல்லாவற்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே போகலாம், இதில் கூடாது. கப், கரண்டி கணக்கெல்லாம் வேண்டாம். எண்ணெயையும் தண்ணீரையும்கூட கிராமில்தான் நிறுக்க வேண்டும். ஒரு கிராம் தேங்காய் எண்ணெய் சோப்பாக ஏறக்குறைய 0.183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும், செம்பனைக்கு 0.141 போதும். அதனால்தான் எண்ணெயை மாற்றினால் கணக்கையும் மாற்ற வேண்டும். மேலே உள்ள அளவுக்கு முழுக் கணக்கு கிட்டத்தட்ட 77 கிராம் வரும். நாம் 72 கிராம்தான் போடுகிறோம். மீதி எண்ணெய் சோப்பிலேயே தங்கி, தோல் வறண்டு போகாமல் காக்கும். அதே 72 கிராமை 500 கிராம் செம்பனை எண்ணெயில் மட்டும் போட்டால் காஸ்டிக் சோடா மிஞ்சி, தோல் எரியும்.

நம் ஊர் ஈரக் காற்று இங்கே ஒரு தொல்லை. காஸ்டிக் சோடா காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வேறு வேலை பார்த்தால் தராசு ஈரத்தையும் சேர்த்துக் காட்டும். முதலில் எண்ணெயை நிறுத்து வையுங்கள், அப்புறம் தண்ணீர், கடைசியாகக் காஸ்டிக் சோடா. எடுத்ததும் மூடிவிடுங்கள். கட்டி தட்டிப்போன பழையதை நம்ப வேண்டாம். நிறுக்கும்போதே தராசு தானாக அணைந்துவிடுகிறதா என்றும் பாருங்கள். கேக் சாமான் கடையில் விற்கும் மின்தராசு போதும்.

கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, நீளக்கை சட்டை கட்டாயம். பிள்ளைகளும் பூனையும் பக்கத்தில் இருக்கக் கூடாது. பால்கனியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து, காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கலக்குங்கள். தண்ணீரை அதன்மேல் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். சரியாகக் கலந்தாலும் ஆவி பறக்கச் சூடேறும். முகத்தைத் தள்ளி வையுங்கள். பாத்திரம் எவர்சில்வராக இருக்கட்டும், அலுமினியம் வேண்டாம். தோலில் பட்டால் ஓடும் குழாய்த் தண்ணீரில் நெடுநேரம் கழுவுங்கள், வினிகர் ஊற்றாதீர்கள். கண்ணில் பட்டால் கழுவியபடியே மருத்துவமனைக்குப் போக ஏற்பாடு செய்யுங்கள்.

வெளிநாட்டுக் காணொளிகளில் எண்ணெயை உருக்கச் சொல்வார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால் இங்கே அடுப்பே வேண்டாம். காஸ்டிக் சோடா கலந்த தண்ணீர் நன்றாக ஆறியதும் எண்ணெயில் ஊற்றி, கைப்பிடி பிளெண்டரால் விட்டு விட்டு அடியுங்கள். முட்டை அடிக்கும் கரண்டியாலும் செய்யலாம், ஆனால் பிளெண்டர் வாங்குவதையே நான் சொல்வேன். கையால் அடித்தால் நேரமும் ஆகும், கையும் ஓயும். கலவை தோசை மாவு போல ஆகி, மேலே ஊற்றிய கோடு கரையாமல் நின்றால் பதம் சரி. மேலே எண்ணெய்க் கீற்று தெரிந்தால் இன்னும் அடிக்க வேண்டும்.

உள்ளே பேக்கிங் தாள் விரித்த அட்டைப் பெட்டியில் ஊற்றுங்கள். ஒன்றிரண்டு நாளில் வெட்டலாம். இந்தக் கட்டத்திலும் கையுறை போடுங்கள். நான்கிலிருந்து ஆறு வாரம் நிழலில் இடைவெளி விட்டு அடுக்கி, மின்விசிறிக் காற்று படும்படி காய வையுங்கள். மழை நாளில் மேலே நீர்த்துளி அரும்பும். சோப்பிலுள்ள கிளிசரின் ஈரத்தை இழுப்பதுதான் காரணம், கெட்டுப்போகவில்லை.

பிறகு சேர்த்தது: தேங்காய் எண்ணெயில் மட்டும் செய்யலாமா என்று பலரும் கேட்டிருந்தீர்கள். செய்யலாம். நுரை பொங்கும், ஆனால் தோலை வறட்டும். அதனால் கணக்கில் 20 விழுக்காடு குறைத்து, 500 கிராமுக்கு 73 கிராம் காஸ்டிக் சோடா போடுங்கள். அந்தச் சோப்பு சீக்கிரமே இறுகி நொறுங்கும், மறுநாள் வரை காத்திருக்காமல் கெட்டியானதுமே வெட்டிவிடுங்கள். விற்க நினைப்பவர்கள் கவனிக்க: மலேசியாவில் குளியல் சோப்பு அழகுசாதனப் பொருளாகக் கருதப்படுகிறது, விற்பனைக்கு முன் என்.பி.ஆர்.ஏ. எனப்படும் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பில் பதிய வேண்டும்.