வெளிமாநில அரசுப் பல்கலைக்கழகமா, அருகிலுள்ள தனியார் கல்லூரியா? அமெரிக்காவில் படிப்படியாகத் தீர்மானிக்கும் முறை

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கவிருக்கும் பிள்ளைக்கு இரண்டு சேர்க்கைக் கடிதங்கள் வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஒன்று வேறொரு மாநிலத்தின் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். மற்றொன்று வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்தில் சென்றடையக்கூடிய தனியார் கல்லூரி. இந்தியாவில் படித்துவிட்டு இங்கே குடியேறிய பெற்றோர் பலர், அரசு நிறுவனம் என்றால் கட்டணம் குறைவு, தனியார் என்றால் அதிகம் என்ற கணக்கோடுதான் பேச்சைத் தொடங்குகிறார்கள். இங்கே அந்தக் கணக்கு மாநில எல்லையோடு நின்றுவிடுகிறது. அரசுப் பல்கலைக்கழகத்தின் குறைந்த கட்டணம் அந்த மாநிலத்தில் வரி செலுத்தும் குடும்பங்களுக்கு உரிய சலுகை. வெளியிலிருந்து வருபவருக்கு அது இல்லை. கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் 2025 இலையுதிர் காலத்தில் புதிதாகச் சேர்ந்த வெளிமாநில மாணவர்களிடம், எல்லோரும் செலுத்தும் கட்டணத்துக்கு மேல் ஆண்டுக்கு 37,602 டாலர் கூடுதலாக வாங்குகிறது. எனவே, நிறுவனத்தின் வகையைப் பார்க்காமல், நான்கு ஆண்டுகளில் உங்கள் கையிலிருந்து எவ்வளவு போகும், அதற்குப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும் என்ற இரண்டையும் பார்த்து முடிவெடுக்கும் வழியைக் கீழே விளக்குகிறேன்.

படி 1: விண்ணப்பிக்கும் முன்பே உத்தேசச் செலவை அறிதல்

கூட்டரசு நிதியுதவித் திட்டங்களில் பங்கேற்கும் கல்லூரிகள், நிகரச் செலவுக் கணிப்பான் (குடும்ப விவரங்களை உள்ளிட்டால், மானியம் போக நீங்கள் கட்டவேண்டிய உத்தேசத் தொகையைக் காட்டும் கருவி) ஒன்றைத் தங்கள் இணையதளத்தில் வைத்திருக்க வேண்டும் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ள சட்ட விதி. பதினொன்றாம் வகுப்பின் கோடை விடுமுறையில், வரித் தாக்கல் நகலை அருகில் வைத்துக்கொண்டு, விருப்பப் பட்டியலில் உள்ள எல்லாக் கல்லூரிகளின் கணிப்பானிலும் உங்கள் விவரங்களை உள்ளிட்டுப் பாருங்கள். விளம்பரப்படுத்தப்பட்ட கட்டணத்தைக் கண்டு மிரண்டு, தனியார் கல்லூரியைப் பட்டியலிலிருந்தே நீக்கிவிடும் குடும்பங்கள் பல உண்டு. அவற்றில் சில, உண்மையில் தங்களுக்கு மலிவாக அமைந்திருக்கக்கூடிய இடத்தை இழந்துவிடுகின்றன.

படி 2: நிதியுதவிப் படிவங்களை நிரப்புதல்

ஃபாஃப்சா என்னும் கூட்டரசுப் படிவம் எல்லாக் கல்லூரிகளுக்கும் பொது, இலவசம். வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். அது முந்தைய ஆண்டுக்கும் முந்தைய ஆண்டின் வருமானத்தை எடுத்துக்கொள்கிறது. அதாவது, 2026 இலையுதிர் காலத்தில் சேர்பவருக்கு 2024ஆம் ஆண்டின் வருமானமே கணக்கில் வரும். இடையில் வேலை போயிருந்தால் அதைப் படிவத்தில் சொல்ல இடமில்லை. கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்குத் தனியாக எழுத வேண்டும்.

தனியார் கல்லூரிகள் பலவும் இதனுடன் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற இரண்டாவது படிவத்தையும் கேட்கின்றன. இது நுணுக்கமாகத் துருவும் படிவம்: நீங்கள் குடியிருக்கும் வீட்டின் மதிப்பில் கடன் போக எஞ்சியதையும் கேட்கும். நீங்கள் தரும் விவரங்களை வைத்து ஒவ்வொரு கல்லூரியும் தன் சொந்த விதியின்படி கணக்கிடுவதால், ஒரே குடும்பத்துக்கு இரண்டு தனியார் கல்லூரிகள் மிகவும் வேறுபட்ட உதவியை அளிப்பது சாதாரணம். இரண்டு பிள்ளைகள் ஒரே சமயத்தில் கல்லூரியில் படிக்கும் வீடுகள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு அப்படிப் படித்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் குடும்பம் தரவேண்டிய பங்கு குறைத்துக் கணக்கிடப்பட்டது. 2024–25 முதல் ஃபாஃப்சாவின் புதிய கணக்கீடு அந்தச் சலுகையை எடுத்துவிட்டது; ஆனால் சிஎஸ்எஸ் பயன்படுத்தும் தனியார் கல்லூரிகள் சில இன்னும் அதைக் கணக்கில் கொள்கின்றன.

படி 3: மாநிலப் பணம் எங்கே செல்லும் என்று பார்த்தல்

பெற்றோர் பலர் கவனிக்கத் தவறும் படி இது. மாநில அரசு அளிக்கும் மானியம் பெரும்பாலும் மாநில எல்லையைத் தாண்டுவதில்லை. ஆனால் எல்லைக்குள் இருக்கும் தனியார் கல்லூரிக்குச் செல்லும். கலிஃபோர்னியாவின் கால் கிராண்ட், நியூயார்க்கின் டேப், ஜார்ஜியாவின் ஹோப் ஆகிய மூன்றையும் அந்தந்த மாநிலத்தின் தகுதிபெற்ற தனியார் கல்லூரிகளில் பயன்படுத்தலாம். டெக்சாஸில் தனியார் கல்லூரி மாணவர்களுக்கென்றே டிஇஜி என்ற தனி மானியம் இருக்கிறது. பிள்ளை வெளிமாநிலத்துக்குப் புறப்பட்டால் இந்தத் தொகை கைவிட்டுப் போகும் என்பதை வெளிமாநிலக் கணக்கில் மறக்கக் கூடாது.

மறுபக்கத்தில், வெளிமாநிலக் கட்டணத்தைக் குறைக்கும் வட்டார ஒப்பந்தங்களும் உண்டு. மேற்கு மாநிலங்களுக்கு இடையிலான டபிள்யூயூஇ திட்டத்தில் பங்கேற்கும் அரசுப் பல்கலைக்கழகங்கள், உள்மாநிலக் கட்டணத்தைப் போல் அதிகபட்சம் ஒன்றரை மடங்கை மட்டுமே வாங்குகின்றன. மத்திய மேற்கு மாநிலங்களிலும் இதைப் போன்ற பரிமாற்றத் திட்டம் இருக்கிறது. தென்மாநிலங்களின் அகாடமிக் காமன் மார்க்கெட், சொந்த மாநிலத்தில் இல்லாத பாடப்பிரிவுக்கு மட்டும் உள்மாநிலக் கட்டணத்தையே அனுமதிக்கிறது. மிகவும் புகழ்பெற்ற வளாகங்கள் பல இத்திட்டங்களில் சேர்வதில்லை, சேர்ந்தவையும் எல்லாப் பாடப்பிரிவுக்கும் இடம் தருவதில்லை என்பதால், நீங்கள் நினைத்திருக்கும் பிரிவு பட்டியலில் இருக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். அலபாமா பல்கலைக்கழகத்தைப் போல, மதிப்பெண்ணையும் எஸ்ஏடி அல்லது ஏசிடி தேர்வு முடிவையும் வைத்து வெளிமாநில மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கும் அரசுப் பல்கலைக்கழகங்களையும் தேடிப் பாருங்கள். வர்ஜீனியா பல்கலைக்கழகமும் சேப்பல் ஹில்லில் உள்ள வட கரோலினா பல்கலைக்கழகமும் வெளிமாநில மாணவரின் நிதித் தேவையையும் முழுமையாக ஈடுசெய்வதாக உறுதியளிக்கும் அரிய விதிவிலக்குகள். வட கரோலினாவில் வெளிமாநிலத்தவருக்கான இடங்கள் முதலாண்டு வகுப்பில் 18 சதவீதம்தான் என்பதால், உள்ளே நுழைவது கடினம்.

‘முதல் ஆண்டு மட்டும் அதிகம் கட்டிவிட்டால் அடுத்த ஆண்டு அந்த மாநிலத்தவராகிவிடலாம்’ என்ற யோசனையை யாரேனும் சொன்னால், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். பன்னிரண்டு மாதம் வசித்தால் போதும் என்று தோன்றினாலும், படிப்பதற்காக வந்து தங்கிய காலத்தைப் பல மாநிலங்கள் ஏற்பதில்லை. பெற்றோரைச் சார்ந்திருக்கும் மாணவருக்குப் பெற்றோர் வசிக்கும் மாநிலமே பொதுவாகச் சொந்த மாநிலமாகக் கருதப்படுகிறது.

படி 4: நான்கு ஆண்டுகளுக்கான கணக்கைப் போடுதல்

உதவிக் கடிதங்கள் வந்ததும் ஒரு விரிதாளைத் திறந்து, இரண்டு கல்லூரிகளுக்கும் தனித்தனியே படிப்புக் கட்டணம், இதர கட்டணம், தங்குமிடம், உணவு, புத்தகம், பயணம் ஆகியவற்றைக் கூட்டி எழுதுங்கள். அதிலிருந்து மானியத்தையும் உதவித்தொகையையும் மட்டும் கழியுங்கள். கடிதத்தில் ‘நிதியுதவி’ என்ற தலைப்பின் கீழேயே கடனையும் வளாக வேலை வாய்ப்பையும் சேர்த்து அச்சிட்டிருப்பார்கள். கடன் திருப்பிக் கட்ட வேண்டியது, வேலைக்கான ஊதியம் உழைத்துப் பெற வேண்டியது. இரண்டையும் கழிக்கக் கூடாது.

அடுத்து, அந்த ஒரு வருடக் கணக்கை நான்கால் பெருக்கி நிறுத்திவிடாதீர்கள். கற்பனையான எண்களோடு ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். வெளிமாநிலப் பல்கலைக்கழகத்தின் மொத்தச் செலவு 58,000 டாலர், உதவித்தொகை 8,000. ஆக நீங்கள் தருவது 50,000. தனியார் கல்லூரியின் மொத்தச் செலவு 80,000, கல்லூரியின் உதவித்தொகை 33,000, மாநில மானியம் 5,000. ஆக நீங்கள் தருவது 42,000. ஆண்டுக்கு 8,000 வீதம் நான்கு ஆண்டுகளில் 32,000 மிச்சம் என்று தோன்றும். ஆனால் இரண்டு இடங்களிலும் செலவு ஆண்டுக்கு 4 சதவீதம் ஏறுகிறது, உதவித்தொகை மட்டும் நிலையாக நிற்கிறது என்று கொண்டால், நான்காம் ஆண்டில் தனியார் கல்லூரிக்கு நீங்கள் தருவது ஏறக்குறைய 52,000. அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஏறக்குறைய 57,200. இடைவெளி 5,200 அளவுக்குச் சுருங்கி, மொத்த மிச்சம் 26,600 டாலராகக் குறைகிறது. பெரிய கட்டணத்தின் மீது பெரிய உதவித்தொகை தரப்படும்போது, ஒவ்வோர் ஆண்டின் உயர்வும் முழுக் கட்டணத்தின் மீது கணக்கிடப்பட்டு முழுவதுமாக உங்கள் தலையில் விழுகிறது என்பதே இதன் காரணம். இந்த எடுத்துக்காட்டில் தனியார் கல்லூரியே மலிவாக இருக்கிறது. தொடக்க இடைவெளி இன்னும் சிறியதாக இருந்தால் மூன்றாம், நான்காம் ஆண்டுகளில் நிலைமை தலைகீழாகிவிடலாம்.

ஆகவே, இரண்டு நிதியுதவி அலுவலகங்களுக்கும் மின்னஞ்சல் எழுதி, கடந்த சில ஆண்டுகளில் கட்டணம் எவ்வளவு உயர்ந்தது, உதவித்தொகை நான்கு ஆண்டுகளுக்கும் உண்டா, அதைத் தக்கவைக்க எந்தச் சராசரி மதிப்பெண் தேவை, வீட்டிலிருந்து வந்துபோனால் தொகை குறையுமா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி அருகிலுள்ள கல்லூரிக்கு மிக முக்கியம். வளாகத்தில் தங்குபவருக்கு மட்டும் முழு உதவித்தொகை தரும் கல்லூரிகளும், முதல் ஓரிரு ஆண்டுகள் விடுதியைக் கட்டாயமாக்கும் கல்லூரிகளும் இருக்கின்றன.

மீதிப் பணத்துக்குக் கடன் வாங்குவதாக இருந்தால் அளவு தெரிந்திருக்க வேண்டும். பெற்றோரைச் சார்ந்த மாணவர் தன் பெயரில் பெறக்கூடிய கூட்டரசுக் கடன் முதல் ஆண்டில் 5,500, இரண்டாம் ஆண்டில் 6,500, பிறகு ஆண்டுக்கு 7,500 டாலர்; நான்கு ஆண்டுகளில் 27,000. அதற்கு மேல் தேவைப்படுவது பெற்றோரின் கடன் அல்லது தனியார் கடன். பெற்றோர் பெறும் பிளஸ் என்னும் கூட்டரசுக் கடனுக்கு 2026 ஜூலை 1 முதல் புதிய உச்சவரம்பு: ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000, மொத்தம் 65,000 டாலர். மேலே சொன்ன வெளிமாநிலக் கணக்கை இந்தக் கடன்களை மட்டும் நம்பி ஈடுகட்ட முடியாது என்பது எளிதில் விளங்கும். என் கருத்தில், இளநிலைப் படிப்புக்காகப் பெற்றோர் ஓய்வூதியச் சேமிப்பில் கை வைக்க வேண்டியிருந்தால், தரவரிசையில் எவ்வளவு உயரத்தில் இருந்தாலும் அந்தக் கல்லூரியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம்.

படி 5: விரும்பிய பாடப்பிரிவில் உண்மையில் இடம் இருக்கிறதா?

பல்கலைக்கழகத்தில் சேர்வதும் விரும்பிய மேஜரில், அதாவது முதன்மைப் பாடப்பிரிவில், சேர்வதும் ஒன்றல்ல. பர்டூ பல்கலைக்கழகத்தில் பொறியியல் மாணவர்கள் முதல் ஆண்டைப் பொதுவாகப் படித்துவிட்டுப் பிறகுதான் தங்கள் கிளைக்குச் செல்கிறார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம்மிலும் முதல் ஆண்டு மதிப்பெண்ணை ஒட்டியே பொறியியல் கிளை ஒதுக்கப்படுகிறது. கணினி அறிவியலுக்கு வெளியே சேர்ந்துவிட்டுப் பிறகு மாறிக்கொள்ளலாம் என்ற எண்ணம் பல பெரிய பல்கலைக்கழகங்களில் பலிப்பதில்லை. விரும்பிய பிரிவு கிடைக்காவிட்டால், ஆயிரம் மைல் தள்ளி, வெளிமாநிலக் கட்டணத்தில், வேறொரு பாடத்தைப் படிக்க நேரும். சிறிய தனியார் கல்லூரியில் மேஜர் மாறுவது பொதுவாக எளிது. ஆனால் அங்கே அந்தப் பிரிவே இல்லாமலும் இருக்கலாம். பொறியியல் என்றால், அத்துறைப் படிப்புகளின் தரத்தைச் சான்றளிக்கும் ஏபிஇடி அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று சரிபாருங்கள்.

பட்டம் பெற எத்தனை ஆண்டுகள் ஆகின்றன என்பதும் பணக் கணக்கே. கூட்டரசு வெளியிடும் பட்டமளிப்பு விகிதம் ஆறு ஆண்டுகளுக்குள் முடித்தவர்களை எண்ணுகிறது. நீங்கள் நான்கு ஆண்டு விகிதத்தைத் தேடிப் பாருங்கள். பெரும்பாலான கல்லூரிகள் ஆண்டுதோறும் வெளியிடும் காமன் டேட்டா செட் ஆவணத்தில் பட்டமளிப்பு விவரம் பி பகுதியிலும், நிதியுதவி எச் பகுதியிலும், வகுப்புகளின் அளவு ஐ பகுதியிலும் இருக்கும். உயர்நிலைப் பள்ளியில் பெற்ற ஏபி (கல்லூரி நிலைப் பாடத் தேர்வு) மதிப்பெண்களை எந்தக் கல்லூரி எவ்வளவு ஏற்கிறது என்பதையும் ஒப்பிடுங்கள். ஒரு பருவம் மிச்சமானால் பல ஆயிரம் டாலர் மிச்சம்.

படி 6: விசாவில் இருக்கும் குடும்பங்கள் கூடுதலாகப் பார்க்க வேண்டியவை

பணி விசாவில் இருப்பவரின் குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் பிள்ளைக்குக் கூட்டரசு நிதியுதவியும் கூட்டரசுக் கடனும் கிடையாது. பெற்றோர் வசிக்கும் மாநிலத்தில் உள்மாநிலக் கட்டணம் பல இடங்களில் கிடைக்கும். 21 வயதில் எச்-4 முடிந்து எஃப்-1 என்னும் மாணவர் விசாவுக்கு மாறினால் அதுவும் கேள்விக்குறியாகலாம். தனியார் கல்லூரியில் கட்டணம் எல்லோருக்கும் ஒன்றே என்பதால், விசா மாற்றம் அங்கே கட்டணத்தைப் பாதிப்பதில்லை. ஆனால் உதவித்தொகை வழங்கும்போது எச்-4 மாணவரை வெளிநாட்டு மாணவராகக் கருதுகிறார்களா என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

படி 7: தொலைவும் நிலைப்பும்

மருத்துவக் காப்பீட்டில் பிள்ளை 26 வயது வரை பெற்றோரோடு இருக்கலாம். இருந்தாலும் தன் பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் மட்டும் செல்லவைக்கும் எச்எம்ஓ வகைத் திட்டமாக இருந்தால் வேறு மாநிலத்தில் அவசரச் சிகிச்சையைத் தவிர மற்றவற்றுக்குப் பயன்படாமல் போகக்கூடும். அப்போது பல்கலைக்கழகத்தின் காப்பீட்டுக்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும். இந்தத் தொகையை வெளிமாநிலக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

தனியார் கல்லூரியில் பார்க்க வேண்டியது வேறு. சிறிய கல்லூரிகள் சில மாணவர் எண்ணிக்கை குறைந்து மூடப்பட்டிருக்கின்றன. கூட்டரசுக் கல்வித் துறை தனியார் கல்லூரிகளின் நிதி நிலைக்கு -1.0 முதல் 3.0 வரை ஒரு குறியீட்டெண் தருகிறது, 1.5க்குக் கீழே இருந்தால், எவ்வளவு அழகான வளாகமாக இருந்தாலும் நான் தயங்குவேன்.

படி 8: மேல்முறையீடு, பிறகு முடிவு

இரண்டு கணக்கும் நெருங்கி வந்தால், பிள்ளை விரும்பும் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு மற்றொரு கல்லூரியின் கடிதத்தை இணைத்து, எவ்வளவு குறைகிறது என்று தெளிவாகச் சொல்லி மறுபரிசீலனை கேளுங்கள். தனியார் கல்லூரிகளிடம் தங்கள் சொந்த நிதியிலிருந்து கூட்டித் தர ஓரளவு இடம் உண்டு. வெளிமாநில மாணவருக்காக அரசுப் பல்கலைக்கழகம் இறங்கிவருவது குறைவு. ஏப்ரல் முதல் இரண்டு வாரங்களுக்குள் கேட்டுவிடுங்கள். பதில் வந்ததும் விரிதாளில் எண்ணைத் திருத்தி, பிள்ளையோடு உட்கார்ந்து முடிவெடுங்கள். பெரும்பாலான கல்லூரிகளுக்கு மே 1 கடைசி நாள். அதற்குள் ஒரே ஓர் இடத்தில் முன்பணம் கட்டி, மற்றக் கல்லூரிக்கு வரவில்லை என்று தெரிவித்துவிட்டு, விடுதிப் படிவத்துக்குத் தனிக் கெடு இருக்கிறதா என்று அன்றே பார்த்துக்கொள்ளுங்கள்.