மாசியில் மலையகத்துக்குப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள் பெரும்பாலும் தேயிலை மலையைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அந்தத் தேயிலைக்கு நடுவே லயத்தில், அதாவது வரிசையாகக் கட்டிய தொழிலாளர் வீடுகளில், குடியிருப்பவர்களோடு நாலு நாள் இருந்து, அவர்கள் சாமியையும் கூத்தையும் பார்க்க நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். என் அப்பாயி மஸ்கெலியாப் பக்கம் கொழுந்து எடுத்தவர். மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப 1964இல் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு தலைமன்னாரில் கப்பலேறிக் கோத்தகிரிக்கு வந்தார். இங்கேயும் கொழுந்துதான். அவர் விட்டு வந்த தோட்டத்துக்கு 2023 மாசியில் போனேன்.

போவதானால் மாசியிலேயே போங்கள். சிவன் மன்மதனை எரித்த கதையை ஆடும் காமன் கூத்து அப்போதுதான். அமாவாசைக்குப் பிறகு காமன் கம்பம் ஊன்றுவார்கள், பௌர்ணமி வாக்கில் காமன் எரிப்பு. தோட்டத்துக்குத் தோட்டம் நாள் மாறும், சில தோட்டங்களில் கூத்தே நின்றுவிட்டது. அதனால் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். எரிப்புக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே போய்விடுவது நல்லது. அந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் போனால் வேடிக்கை பார்த்துவிட்டு வருவீர்கள், அவ்வளவுதான்.

கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு பஸ் இருக்கிறது. அங்கே அறை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய் வரலாம். ஸ்வெட்டர் வேண்டும். மழை பெய்தால் அட்டை ஏறும், சோப்பைக் காலில் தடவிக்கொள்ளுங்கள்.

தோட்டம் கம்பெனி நிர்வாகத்தில் இருக்கிற இடம், நினைத்தபடி உள்ளே நுழையக் கூடாது. முதலில் கோயில் கமிட்டித் தலைவரைப் பார்த்து, யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லுங்கள். லயக் காம்பராவுக்குள் கேமராவை எடுக்காதீர்கள். ஒரு காம்பராவில் ஒரு குடும்பமே இருக்கும். உடுத்துவது, படுப்பது, சமைப்பது எல்லாம் அதற்குள்தான். பிள்ளைகள் கையில் பணம் கொடுக்காதீர்கள். நான் கொடுத்தேன். "அதுங்களுக்கு ஏந்திப் பழக்கம் வந்துரும், நோட்டுல எழுதுங்க" என்று தலைவர் சொன்னார். கோயில் நோட்டில் நன்கொடையாக எழுதுவதுதான் சரி. அங்கே எல்லார் பேரும் அதில் இருக்கிறது.

அப்புறம், ஏதாவது வேலை கேட்டு வாங்குங்கள். எனக்குத் தேங்காய் துருவக் கொடுத்தார்கள். பக்கத்தில் அறுபதைத் தாண்டிய ஒரு அம்மா ரொட்டிக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தார். எத்தனை கழுவினாலும் போகாத தேயிலைக் கறை அவர் விரல் வெடிப்புகளில் கோடு கோடாக ஓடியது. என் அப்பாயிக்கும் அதே ஆள்காட்டி விரலில்தான் வெடிப்பு இருந்தது. "இவ்வளவு கஷ்டத்துலயும் எப்படிம்மா சந்தோஷமா இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். அவர் பிசைவதை நிறுத்தவில்லை.

"கஷ்டம் கம்பெனி குடுக்கிறது, பிள்ளை. கூத்து நாங்க போடுறது. ரெண்டையும் ஏன் சேக்கிற?"

அந்தக் கேள்வியை நீங்கள் கேட்காதீர்கள். அப்போது ஒரு நாள் பேர், அதாவது நாள் சம்பளம், 1000 இலங்கை ரூபாய். சொன்ன கிலோ கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். முந்தின வருடப் பொருளாதார நெருக்கடியில் கோதுமை மா விலை ஏறி, ரொட்டியின் எண்ணிக்கை குறைந்திருந்தது. அதைப் பற்றி அவர்களே பேசுவார்கள், கோபமாகவே பேசுவார்கள். உட்கார்ந்து கேளுங்கள். அவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டு, சம்பளம் குறைந்தாலும் இவர்கள் நிறைவாக இருக்கிறார்கள் என்று ஊரில் போய்ச் சொல்லாதீர்கள்.

எரிப்பு ராத்திரி தூங்காதீர்கள். தப்பு மேளத்தைத் தீயில் காய்ச்சி அடிக்கத் தொடங்கினால் விடிய விடிய ஓயாது. அந்த வருடம் காசு போதாமல் சீரியல் பல்பு கட்டவில்லை, ஆனால் வேஷம் ஒன்றுகூடக் குறையவில்லை. ரதி வேஷம் கட்டியவர் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்க்கும் பையன். அம்மாவுக்கு உடம்பு தேறினால் ரதி கட்டுவதாக நேர்ந்துகொண்டு, விரதம் இருந்து, லீவு போட்டு வந்திருந்தார். சிவன் நெற்றிக்கண்ணில் மன்மதன் எரிந்ததும் ரதி மண்ணில் விழுந்து அழ, சுற்றியிருந்த பெண்களும் வாய்விட்டு அழுதார்கள். ரொட்டி சுட்ட அம்மா என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். மன்மதனை எழுப்பிக் கொடுக்கும் கட்டம் வந்ததும் அதே பெண்கள் குலவை போட்டார்கள். ஒவ்வொரு வருடமும் அவன் எழுந்திருப்பான் என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நானும்தான். சாமி கும்பிடுகிறவளாக வளர்ந்தும் அதுவரை அப்படி ஒரு நம்பிக்கைக்குப் பக்கத்தில் நான் நின்றதில்லை.

மறுநாள் காலையே கிளம்பாதீர்கள். காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்துக்குப் போய் நில்லுங்கள். இரவெல்லாம் அழுது சிரித்தவர்கள் தலையில் கொழுந்துச் சாக்கின் கயிற்றை மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுவதைப் பார்க்க வேண்டும். ரதி கட்டிய பையன் கண்மை சரியாகப் போகாத முகத்தோடு கொழும்பு பஸ்ஸுக்கு நின்றார்.

ஊர் திரும்பியதும் போன் பண்ணுங்கள், ஒரு தடவையோடு விட்டுவிடாதீர்கள். அடுத்த மாசி ரதிக்குச் சேலை நான் எடுத்துத் தருவதாகச் சொன்னேன். "பச்சை எடு, பிள்ளை, ராத்திரியில சிவப்பு தெரியாது" என்றார் அந்த அம்மா.