வழுக்கையாற்றுத் தண்ணீரில் உப்பு ஏறினால்: எட்டுப் போத்தல் சோதனை

யாழ்ப்பாணத்துக் கிணறுகள் சவராவதை நாக்கே சொல்லிவிடும். அந்த உப்பு நுண்ணங்கிகளை என்ன செய்கிறது என்று பார்க்க எட்டுப் போத்தலும் பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி ஒன்றும் மின்கடத்துதிறன் அளவி ஒன்றும் போதும்.

1. மாரியில் வழுக்கையாறு ஓடும்போது 4 லீற்றர் தண்ணீர் அள்ளுங்கள். அராலித் தடுப்பணைக்கு அருகில் வேண்டாம், கடல்நீரேரியின் உப்பு கலந்திருக்கலாம். மேலே தள்ளிப் போங்கள். குளோரின் போட்ட குழாய்த் தண்ணீர் உதவவே உதவாது. அள்ளியதும் மின்கடத்துதிறனை (உப்புக் கூடக் கூட இது கூடும்) அளந்து எழுதி வையுங்கள். சுண்ணக்கல் நிலத்துத் தண்ணீரில் உப்பு ஏற்கெனவே இருக்கும். உங்கள் 'பூச்சியம்' உண்மையில் பூச்சியமல்ல.

2. வைக்கோல் 8 கிராம் நறுக்கி, 10 நிமிடம் அவித்து, எட்டாகப் பிரியுங்கள். வைக்கோல் பற்றீரியாவுக்கு உணவு. அவிப்பது அதில் உள்ளவற்றில் பெரும்பாலானவற்றைக் கொல்ல; சில பற்றீரியா வித்திகள் தப்பும். பிறகு வருபவை பெரும்பாலும் ஆற்றிலிருந்து வந்தவை. போத்தலுக்கு ஒரு பங்கும் 450 மில்லிலீற்றர் ஆற்றுத் தண்ணீரும். வாயை மெல்லிய துணியால் கட்டுங்கள், இல்லாவிட்டால் நுளம்புக் குடம்பிகள் வந்து சோதனையைத் தின்றுவிடும். நேர் வெயில் படாத இடத்தில் ஐந்து நாள் விடுங்கள்.

3. வீட்டுத் தராசு அரைக் கிராமைக் காட்டாது. எனவே அயடின் சேர்க்காத உப்பு 20 கிராமை மழைநீரில் கரைத்து 200 மில்லிலீற்றராக்குங்கள். ஒரு மில்லிலீற்றரில் 0.1 கிராம். இரண்டிரண்டு போத்தலாக, ஒவ்வொன்றுக்கும் (மில்லிலீற்றரில்):

கரைசல் 0 + மழைநீர் 50
கரைசல் 5 + மழைநீர் 45
கரைசல் 15 + மழைநீர் 35
கரைசல் 50 மட்டும்

முடிவில் லீற்றருக்கு 0, 1, 3, 10 கிராம் உப்பு ஏறியிருக்கும் (கடலில் சுமார் 35). இந்த 50 மில்லிலீற்றரைத் தினம் 10 ஆக ஐந்து நாளில் சிரிஞ்சால் விடுங்கள். ஒரேயடியாக ஊற்றினால் நீங்கள் பார்ப்பது அதிர்ச்சியை மட்டுந்தான்.

4. தண்ணீர் வற்றும், உப்பு வற்றாது. மட்டத்தை ஒட்டுநாடாவால் குறித்து, குறைவதை மழைநீரால் நிரப்புங்கள்; ஆற்றுத் தண்ணீரால் அல்ல. பலர் தவறுவது இங்கேதான். லீற்றருக்கு ஒரு கிராம் ஏறினால் அளவி ஏறக்குறைய 2000 மைக்ரோசீமன்ஸ் கூடக் காட்டும். இதிலிருந்து வெகுவாக விலகினால் கணக்கைத் திரும்பப் பாருங்கள்.

5. பதினொராம், பதினான்காம் நாள்களில் வைக்கோலருகே இருந்து போத்தலுக்கு ஐந்து துளி எடுத்து, 100 மடங்கில் பரமேசியம் போன்ற பிசிர் உயிரிகளை (நுண்மயிர்களால் நீந்தும் ஒருகல உயிரிகளை) எண்ணுங்கள். உப்புக் கூடிய போத்தல் தெளிவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். சிலவேளை அதுதான் அதிகம் கலங்கியிருக்கும்: பற்றீரியாவைத் தின்பவை குறைந்தால் பற்றீரியா பெருகும். கலங்கலை வைத்து 'உயிர் கூடிவிட்டது' என்று எழுதினால் முடிவு தலைகீழாகிவிடும். அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஒட்சிசன் தீர்ந்துவிட்டது. வைக்கோலைப் பாதியாக்கித் திரும்பத் தொடங்குங்கள்.

6. கடைசியாக, உப்புச் சேர்க்காத போத்தலின் ஒரு துளியைக் கண்ணாடித் தகட்டில் வைத்து, பஞ்சு நார் இரண்டைப் போட்டு, நாரிடையே சிக்கி நிற்கும் பரமேசியத்தை 400 மடங்கில் பாருங்கள். உடலின் இரு முனைகளை அண்டிய சுருங்கும் புன்வெற்றிடம் நிரம்பி, சட்டென்று வெறுமையாகும். பிரசாரணத்தால் (உப்புக் குறைந்த பக்கத்திலிருந்து கூடிய பக்கத்துக்குத் தண்ணீர் மென்சவ்வூடாக நகர்வதால்) உள்ளே புகும் தண்ணீரை அது இறைத்துத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு எத்தனை முறை என்று எண்ணுங்கள். இப்போது 10 கிராம் போத்தலிலிருந்து அதேயளவு துளியை ஓரத்தில் விட்டு மறுபடி எண்ணுங்கள். வெளியே உப்பு ஏறியதும் உள்ளே தண்ணீர் வருவது குறைந்து, இறைப்பு மந்தமாகும். உடலும் சுருங்கத் தொடங்கும்.